தொண்ணூற்றைந்துக்குக் கீழே

போன மாதம் பதுளையில் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து வைத்த விருந்து. பரவாயில்லை, மறக்காமல் வைத்தார்களே. அங்கே ஒரு தம்பி, தன் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "சேர், இது இல்லாத காலத்துல குளிர்ல வெறைச்சுப்போய் வர்ற ஆளுங்களுக்கு என்னா செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஜின் போத்தல்" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குடித்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். துரைமார் குடித்துவிட்டு எறியும் மண் போத்தலில் வெந்நீர் ஊற்றி வைப்போம் என்று விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கேக் வந்துவிட்டது. கேக் வந்த பிறகு யார் விளக்கம் கேட்பார்கள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதுளைக் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்குப் புடவைக் கடை இருந்தது. நான் துணி அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீளம் வந்தது. இவன் கடையைக் கவிழ்த்துவிடுவான் என்று கண்டுகொண்ட அப்பா என்னை மருந்து கலக்கப் படிக்க அனுப்பினார். இரண்டு வருஷம் போத்தல் கழுவினேன். ஒரு வருஷம் பேதி மருந்து கலக்கினேன். பிறகு ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

அந்த மேட்டில் மார்கழி பிறந்தால் மூன்று வாரம் சூரியனைக் காண முடியாது. கீழே கொஸ்லந்தையில் ஆட்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது மேலே எங்களுக்குப் பல் தந்தியடிக்கும். மழை நேராகப் பெய்யாமல் பக்கவாட்டில் பெய்யும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி உண்டு. அது நனைந்தால் சுமக்க இன்னொரு ஆள் வேண்டும்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் குதிரையில் வருவார். அவருக்குத் தமிழில் பிழையில்லாமல் வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். அது "எவ்வளவு?"

"காய்ச்சல் இருக்கு சேர்" என்பேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம் சேர்."

அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், என்னை ஏதோ புதுவிதப் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கத்தவே மாட்டார். கத்தினால்கூடத் தேவலை என்றிருக்கும். எனக்கு மகன் பிறந்ததைச் சொன்னபோதும் "எவ்வளவு?" என்றார். "ஒண்ணுதான் சேர்" என்றேன். அவர் கேட்டது எடை. என் மனைவி அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் என் மானத்தை வாங்குகிறாள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நோயாளியின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பொறுக்காது. "கண்ணாடி வேலை செய்கிறது. உன் காது என்ன செய்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்பார். ஆக, தெர்மாமீட்டர் இருக்கிற நேரம் முழுக்க நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை எனக்குப் பழக்கப்படுத்த அவருக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மார்கழியில் வெலிமடையிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் மழையில் வண்டி கவிழ்ந்து ஓடைக்குள் கிடந்து விறைத்துப்போய் வந்தார். நான் என்ன செய்தேன்? அடுப்பை மூட்டி, அதன் முன்னால் காலை நீட்டி உட்கார வைத்து, கையையும் காலையும் இரண்டு பேரைப் போட்டுத் தேய்க்கச் சொல்லி, வாயில் பிராந்தியும் ஊற்றினேன். மனுஷர் அப்படியே சரிந்து மயங்கிவிட்டார். நல்ல வேளையாக அது பெரிய டாக்டர் வருகிற நாள். அவர் வந்து பிழைக்க வைத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "காலில் ஏன் நெருப்பு வைத்தாய்? உயிர் காலிலா இருக்கிறது?" அவர் சீமையில் படித்தவர், பனியில் விறைத்த ஆட்களைப் பார்த்தவர். முதலில் நடு உடம்பைச் சூடாக்கு, கைகாலைத் தொடாதே, தேய்க்காதே, சாராயம் கொடுக்காதே, மெதுவாகத் தூக்கு என்று அன்றைக்குப் படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

இனி சின்னானுக்கு வருகிறேன்.

சின்னான் எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவன். ஒரே ஒருவன்தான். அவன் தப்பு வாசலில் ஒலித்தால்தான் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் சாவு சாவாகும். அது ஒலிக்காமல் பிணத்தைக் குளிப்பாட்டவும் மாட்டார்கள், தூக்கவும் மாட்டார்கள். தப்பு என்பது தோல் வாத்தியம். குளிரில் தளர்ந்து தொளதொளவென்று போய்விடும். அடிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும். அந்த வேலை சின்னானின் மனைவி அழகம்மாவுடையது. உள்ளங்கையால் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அவள் "காஞ்சிருச்சு" என்று சொல்லாமல் சின்னான் குச்சியை எடுத்ததில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மார்கழி. சின்னான் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு சாவுக்கு அடிக்கப் போனான். அடித்தான், கொடுத்ததைக் குடித்தான், மழையோடு மழையாக மலையேறினான். மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதிய, ஆள் கூடிக்கொண்டிருக்கும்போது, ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் தண்ணீரில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தப்பு மட்டும் கரையில், அவன் கம்பளிக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது. மடையன், கம்பளியைக் கழற்றித் தப்புக்குப் போர்த்திவிட்டு வெறும் உடம்போடு நடந்திருக்கிறான்.

லயத்தில் போய்ப் பார்த்தேன். மரக்கட்டைபோலக் கிடந்தான். தாடை பூட்டியிருந்தது. கண்ணில் அசைவில்லை. மணிக்கட்டில் நாடி இல்லை. கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நெஞ்சில் குழாயை வைத்தேன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் அதற்குள் ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். எனக்கும் குளிர். கால் நிமிஷம் கேட்டிருப்பேன். எழுந்து வெளியே வந்து, "போயிட்டான்" என்றேன். துரைக்குச் சாவுச் சீட்டும் எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் சிக்கல். தப்பு அடிக்க யார்? அடிக்கிறவனே அல்லவா படுத்துக் கிடக்கிறான்! பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரனை அழைத்து வர ஆள் அனுப்பினார்கள். அந்த மழையில் போய் வர மூன்று மணி நேரமாவது ஆகும். அது வரைக்கும் பிணத்தைத் தொடக்கூடாது. அழகம்மா அழவில்லை. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து தப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "நனையவே இல்லீங்க ஐயா" என்றாள் என்னைப் பார்த்து. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து ரெஜிஸ்தரை விரித்தேன். பெயர் எழுதினேன், வயது எழுதினேன். அடுத்த கட்டம் உடம்புச் சூடு. பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவது? தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசிக் கோடு தொண்ணூற்றைந்து டிகிரி. பாதரசம் அதற்கும் கீழே குண்டுக்குள் கிடந்தது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே அந்தக் கண்ணாடிக்கு எதுவும் தெரியாது. இரண்டு நாளில் பெரிய டாக்டர் வருவார். "எவ்வளவு?" என்பார். "தெரியாது சேர்" என்று சொல்லிவிட்டு அந்த மூக்குக்கண்ணாடி துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு உயிரைக் காப்பாற்ற நான் கிளம்பவில்லை. ஒரு கட்டத்தை நிரப்பக் கிளம்பினேன்.

தோட்டத்தில் கீழ்க்கணக்கு காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் அது தொங்கும். ஒரு முழ நீளம். அதற்குக் காவல் டீமேக்கர் ஐயா. பெருத்த உடம்பு, தேயிலையைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்.

"எதுக்குங்க?" என்றார்.

"சின்னானுக்குச் சூடு பார்க்க."

"செத்தவனுக்கா?"

"ரெஜிஸ்தர்ல ஒரு கட்டம் காலியா இருக்கு."

"ஒங்களுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்று சொல்லித்தான் கழற்றிக் கொடுத்தார். "தொடைச்சுக் கொண்டாந்துருங்க" என்றும் சொன்னார். அதை எங்கே வைக்கப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்சூடு பார்க்க வேண்டுமென்றால் கக்கம் போதாது. தவிர, நம் தெர்மாமீட்டர் மாதிரி ஏறின இடத்தில் நிற்கிற கண்ணாடி இல்லை அது. வெளியே எடுத்தால் இறங்கிவிடும். உள்ளே இருக்கும்போதே குனிந்து படிக்க வேண்டும். நான் எப்படிக் குனிந்து படித்தேன் என்பதை மரியாதையை முன்னிட்டு விட்டுவிடுகிறேன்.

லயத்துக்குத் திரும்பிப் போய் வைத்தேன். ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். பழக்கதோஷம், என் காது தானாகவே சின்னானின் நெஞ்சுக்குப் போயிற்று. மழை சற்று விட்டிருந்தது. பெண்களும் களைத்துப்போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு துடிப்பு.

என் இதயம்தானோ என்று நினைத்தேன். ஏழு எண்ணும் வரை ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்று. கண்ணாடியில் எண்பத்தொன்று. நிமிஷத்துக்கு எட்டு துடிப்பு. உயிரோடு இருக்கிறவனை நான் என் வாயால் சாகடித்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரன் பக்கத்து லயத்தில் இருந்திருந்தால் இந்நேரம் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டியிருப்பார்கள்.

"இவன் சாகல!" என்று கத்தினேன். ஒப்பாரி பாதி வரியில் நின்றது. ஒரு கிழவிக்கு அதில் வருத்தம்கூட இருந்ததுபோலத் தெரிந்தது.

சூடுபடுத்த வேண்டும். எங்கே? லயத்து அடுப்பில் ஈர விறகு புகைகிறது. தோட்டத்திலேயே கதகதப்பான இடம் ஒன்றுதான், ஸ்டோரில் தேயிலை காயும் பெரிய அடுப்பு அறை. ஒரு கதவைக் கழற்றி அதில் மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டைக் கூடையைத் தூக்குவதுபோல நாலு பேரைத் தூக்க வைத்தேன்.

டீமேக்கர் ஐயா வாசலில் குறுக்கே நின்றார். "ஸ்டோருக்குள்ளயா? தேயிலையில மனுச வாடை ஏறிடுங்க! போன மாசம் ஒருத்தன் கருவாட்டுப் பொட்டலம் கொண்டாந்ததுக்கே தொரை அந்தக் குதி குதிச்சாரு. அதுவும் தப்படிக்கிறவனை..."

"தப்படிக்கிறவன் வேணாம்னா நாளைக்கு நீங்க போனா யாருங்க வந்து அடிக்கிறது?" என்றேன்.

அவர் விலகிக்கொண்டார்.

ஈரத் துணியை வெட்டி எடுத்தோம். துடைத்து, சாக்கு மேல் படுக்க வைத்து, காய்ந்த கம்பளிகளால் மூடினோம். துரை பங்களாவிலிருந்து நாலு ஜின் போத்தல் வந்தது. வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, கக்கத்துக்கு ஒன்று ஒன்று, தொடையிடுக்குக்கு ஒன்று ஒன்று. இங்கேதான் அழகம்மா குறுக்கிட்டாள். நான் வைக்கப்போன போத்தலை வாங்கி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, "ஜாஸ்தி ஐயா. தோலு வெடிச்சிரும்" என்றாள்.

"தப்புத் தோலா?"

"மனுசத் தோலும் தோலுதானுங்களே. கொஞ்சம் ஆறட்டும்."

சரிதான். உணர்விழந்த உடம்பு சுட்டாலும் கத்தாது. நான் வைத்திருந்தால் வெந்து போயிருப்பான். அதற்கப்புறம் ஒவ்வொரு போத்தலும் அவள் கைக்குப் போய்த்தான் வந்தது. இடையிடையே இளஞ்சூடான உப்புத் தண்ணீரை ரப்பர் குழாயால் கீழ்வழியாக மெதுவாக ஏற்றினேன். உள்ளே இருந்தும் சூடு வேண்டுமல்லவா? டீமேக்கர் ஐயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "என் ஸ்டோர்ல! என் ஸ்டோர்ல!" என்று முனகினார்.

ஒரு மணி நேரத்தில் எண்பத்து மூன்று. அப்புறம் எண்பத்தைந்து. எனக்குத் தைரியம் வந்து, போத்தலுக்கு வெந்நீர் பார்க்க வெளியே போனேன். திரும்பி வந்தால் பெரிய கங்காணி, பாவம், நல்ல மனுஷர், கையில் சாராயத்தோடு உட்கார்ந்து சின்னானின் இரண்டு காலையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறார்! "விடுங்க, விடுங்க!" என்று பாய்ந்தேன். குழாயை வைத்தால் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி இரண்டு துடிக்கிறது, நிற்கிறது. கங்காணியை வெளியே அனுப்பினேன். செய்ய வேறொன்றுமில்லை. அசைக்காமல் விட்டுவிட்டு, காதை வைத்தபடி காத்திருப்பதுதான். எனக்கு வியர்த்தது. அடுப்பால் இல்லை.

அழகம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, காலையில ஒரு தடவை செத்துட்டாருன்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவை சொல்லிறாதீங்க."

எண்ணிக்கொண்டே இருந்தேன். துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார், கையில் என் சாவுச் சீட்டோடு. தேயிலை நடுவே படுத்திருந்தவனைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவன் செத்துப் போனான் எண்டு நீ எழுதினது?"

"ஆமாங்க தொரை."

"இப்ப?"

"இப்ப கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்க."

வாயில் வந்தது அதுதான். துரை சீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

பதினொன்றரை மணிக்கு எண்பத்தொன்பது. பன்னிரண்டரைக்குத் தொண்ணூற்றொன்று. ஆனால் கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் கேட்கவில்லை. உடம்பு வந்துவிட்டது, ஆள் வரவில்லையே என்று எனக்குக் கவலை. அப்போது ஸ்டோருக்கு வெளியே தப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரன் ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறான். நாங்கள் இருந்த பரபரப்பில் அவனிடம் விஷயத்தைச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். வந்தவன் கூட்டம் இங்கே இருக்கிறதென்று ஸ்டோர் வாசலுக்கே வந்து அடிக்கத் தொடங்கிவிட்டான். மழையில் நனைந்த தப்பு. பொத், பொத் என்று சத்தம்.

சின்னானின் புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"எவன்டா அவன்..." என்றான், குழறிக் குழறி. "காய்ச்சாம அடிக்கிறான்..."

அழகம்மா காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டீமேக்கர் ஐயாவும் அழுதார், ஆனால் அது தேயிலைத் தூசி என்றார். அந்தத் தெர்மாமீட்டரைத் துடைத்துத்தான் கொடுத்தேன். அவர் அதைத் திரும்ப மாட்டினாரா, வேறு வாங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஒரு ஆறு மாதம் நான் கோப்பிதான் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்து ரெஜிஸ்தரைப் பார்த்தார். அடித்துத் திருத்திய இடத்தில் விரலை வைத்தார். எண்பத்தொன்று என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"முதல் தடவை எவ்வளவு நேரம் கேட்டாய்?" என்றார்.

"கால் நிமிஷம் சேர்."

மூக்குக்கண்ணாடியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். "இதுதான் ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். என் முப்பது வருஷத்தில் அவ்வளவு பெரிய திட்டு வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

அதற்கப்புறம் தோட்டத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. யார் செத்தாலும் சின்னான் தப்பை எடுக்கமாட்டான். "ஐயா வந்து கண்ணாடி வச்சுப் பார்க்கட்டும்" என்பான். தொண்ணூறு வயதுக் கிழவர் மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, எல்லோர் கண்முன்னாலும் உயிர் போயிருந்தால்கூட விடமாட்டான். நானும் போய், முழு ஐந்து நிமிஷம் கேட்டு, "சரி" என்று தலையசைக்க வேண்டும். பிறகுதான் குச்சியை எடுப்பான். என்னிடம் தனியாகச் சொல்லியும் வைத்திருந்தான்: "நான் போனா நீங்க வந்து பார்க்காம தூக்க விட்றாதீங்க. ஒரு தடவை ஏமாந்தவரு நீங்க."

இந்த மார்கழியில் அழகம்மாவிடமிருந்து ஆள் வந்தது. இப்போதுதான் பதுளைக்கே ரயில் வந்துவிட்டதே, காலை வண்டியில் ஏறிப் போனேன். சின்னானுக்கு நெஞ்சுச் சளி, பல நாளாகப் படுக்கை. புது டிஸ்பென்சர் தம்பி ஏற்கெனவே பார்த்துச் சாவுச் சீட்டு எழுதிவிட்டார். சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் யாரும் தூக்கவில்லை. எனக்காக வைத்திருந்தார்கள்.

கம்பளியை விலக்கினேன். கக்கத்தில் இரண்டு, தொடையிடுக்கில் இரண்டு, நாலு ஜின் போத்தல். துணி சுற்றி, அளவான சூட்டில். விடிந்ததிலிருந்து மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாருங்க ஐயா" என்றாள்.

தெர்மாமீட்டரை வைத்தேன். நெஞ்சில் குழாயை வைத்தேன். ஐந்து நிமிஷம் கேட்டேன். மழை இல்லை, லயத்தில் ஒரு சத்தம் இல்லை. இன்னொரு ஐந்து நிமிஷம் கேட்டேன்.

"எவ்வளவுங்க ஐயா?" என்றாள் அழகம்மா.

தொண்ணூற்றேழு. அன்றைக்குக் கண்ணாடியில் எண்ணே இல்லாதவனுக்கு உயிர் இருந்தது. இன்றைக்கு எண் இருக்கிறது, அது போத்தல்களுடைய சூடு.

"சூடெல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன். "நீ சரியாத்தான் வச்சிருக்க."

அவளுக்கு விளங்கிவிட்டது. போத்தல்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள். கம்பளியை இழுத்து மூடினாள். பிறகு எழுந்து வெளியே போனாள். வாசலில் பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரன் நெருப்பு மூட்டித் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து அதை வாங்கி, தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் காயணும்" என்று சொல்லிவிட்டு, நெருப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.